டிப்போ அக்காவுக்கு அஞ்சலி

இந்த நாட்டு ஜனங்களுக்குப் பாட்டைக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான். தற்பெருமை இல்லை, மேடம். எங்கள் சேனலின் வரவேற்பறைச் சுவரில், என் படத்துக்குக் கீழே, பித்தளைத் தகட்டில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நானே. எழுதித் தரச் சொல்லி இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது.

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும், நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நேரலையில் வளர்ந்தவன், எதிராளியின் வேகத்துக்குப் பேசத் தெரியும். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று என் மனைவி போனில் சொன்னாள். பாவம், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னை அவளுக்குப் பிடிபடவில்லை. மைக் மாதிரி ஏதாவது ஒன்றை என் எதிரே வைத்துவிட்டால் நான் பேசிவிடுவேன்.

புகையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? வருகிறேன். ஆனால் அந்தப் புகைக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சோபா இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

சேனலை ஆரம்பித்தபோது எங்களிடம் எல்லாமே வெள்ளை. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைச் சோபா, பற்பசை விளம்பரத்துக்கு வந்து வழி தவறியவர்களைப் போல நாலு தொகுப்பாளர்கள். இதற்கு ‘சேனலின் முகம்’ என்று பெயர் வைத்திருந்தோம். முகத்தைக் காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம். எந்தப் பாட்டு போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்கிற நாற்காலி என்னுடையது.

ஒரு நாள் இரண்டு பெண்கள் வந்து அந்தச் சோபாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காளும் தங்கச்சியும். அவர்களுடைய அம்மா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். அக்காள்காரி கட்டை முடி, கறுத்த முகம், தாட்டியான உடம்பு, முன்பல்லில் ஒரு சந்து. கையில் ஒரு வீடியோ டேப். அதன் அட்டையில், நிறுத்தி வைத்த பஸ்ஸின் கூரைமேல் ஏறி, வாளியும் பிரஷ்ஷும் பிடித்த பெண்கள் சூழ நின்று பாடுகிறார். அந்தக் காலத்தில் யாரும் அப்படிப் பாட்டைப் படம் பிடித்ததில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பாட்டெழுதி, பஸ் ஹாரனையும் வாளிச் சத்தத்தையும் தாளமாக்கிப் போட்டதும் கிடையாது. இதெல்லாம் பிற்பாடு நான் கல்லூரிகளில் பேசியவை. அன்றைக்கு நான் பார்த்தது அட்டையை மட்டும்தான்.

“சார், ஒரு தடவை போட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா நானே குப்பையில போட்டுட்டுப் போறேன்.”

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நம்ம சேனல் முகத்துக்கு ஒத்து வராது.”

“நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும் கண்ணாடி சார்? நீங்க இன்னும் போடவே இல்லையே?”

என் பெயரைக் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் பார்த்து அங்கேயே ஒரு பெயர் வைத்துவிட்டார். தங்கச்சிக்காரி சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு சோபாவைத் துடைக்கச் சொன்னேன். வெள்ளைச் சோபா, மேடம். யார் உட்கார்ந்தாலும் துடைக்கத்தான் வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்தபோதெல்லாம் துடைத்தோமா என்று கேட்காதீர்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பாட்டு கேசட்டில் வந்தது. பஸ் டிரைவர்கள் எல்லா ரூட்டிலும் போட்டார்கள். டிப்போ அக்கா, டிப்போ அக்கா என்று பிள்ளைகள் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு திரிந்தார்கள். நாட்டில் அவருடைய பாட்டு கேட்காத ஒரே இடம் பாட்டுக்கென்றே நடத்திய எங்கள் சேனல். கடைசியில் எங்கள் தொகுப்பாளர் ஒருவன், சொந்தப் புத்தியில், ஏதோ உடையலங்காரப் பேட்டி என்று அவரை நேரலைக்குக் கூப்பிட்டுவிட்டான். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “அது இருக்கட்டும் தம்பி, எங்க மூஞ்சியெல்லாம் வந்தா உங்க டிவி கண்ணாடி விரிசல் விட்டுடுமா?” என்று கேட்டார். தம்பி முப்பத்திரண்டு பல்லையும் காட்டிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போனான்.

மறுநாள் கேசட் கம்பெனிக்காரர்கள், அக்கா பாட்டைப் போடாவிட்டால் தங்கள் கம்பெனிப் பாட்டு ஒன்றைக்கூடப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். “யோவ், பாட்டே இல்லாம பாட்டுச் சேனல் நடத்தப் போறியா? நாள் முழுக்க சோபாவையே காட்டிக்கிட்டு இருப்பியா?”

போட்டேன். நானே திரையில் தோன்றி முன்னுரை சொல்லிப் போட்டேன். ‘ஒரு பஸ் டிப்போவில் நாங்கள் கண்டெடுத்த மாணிக்கம்.’ போன் மணி ஓயவே இல்லை. அந்த வருஷம் ஊர் முழுக்க எங்கள் சேனல்தான் ஓடியது. வருஷம் ஏற ஏற, நாங்கள் கண்டெடுத்தது நான் கண்டெடுத்ததாகச் சுருங்கியது. அவர் கொண்டுவந்து கொடுத்த டேப், நான் தேடிப் போய் வாங்கிய டேப் ஆனது. கதையில் மழைகூடச் சேர்ந்தது. அன்றைக்கு நல்ல வெயில். ஒரு கதையை நூறு மேடையில் சொல்லிவிட்டால் அது நடந்ததாகத்தான் ஆகிவிடுகிறது, மேடம். நான் பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அக்கா அதை ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அதுதான் தொந்தரவு. மறுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏதாவது விழாவில் எதிரே பட்டால், “என்ன கண்ணாடி சார், என்னைக் கண்டுபிடிச்சுட்டீங்களாமே? நான் எங்கயும் தொலையவே இல்லையே!” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போவார். நாலு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதற்கான பதிலை யோசிப்பேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். இப்போது சேனலை நடத்துவது முதலாளியின் மகன். சின்னவர் என்போம். என்னை அனுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு. ஆளை அனுப்புவதாக இருந்தால் பெயரைச் சுவரில் ஒட்டிவிட்டு அனுப்புவது இப்போதைய மரியாதை. ஆண்டு விழாவில், புதிதாகக் கட்டிய ஸ்டுடியோவுக்கு என் பெயரைச் சூட்டுவது என்று முடிவானது. காரணம்: டிப்போ அக்காவைக் கண்டெடுத்தவர். பெயர்ப் பலகையின் திரையை விலக்குவது அக்கா. அதற்கு முன்னால் நேரலையில் ஒரு பாட்டு.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவிக்கு என் நிகழ்ச்சிகள் பிடிக்காது. அந்தப் பலகை மட்டும்தான் நான் விட்டுப் போவது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ரைட்டர் எழுத வேண்டியதில்லை.

விழாவுக்கான ஆலோசனைக்கு அக்காவும் தங்கச்சியும் வந்திருந்தார்கள். தங்கச்சிதான் அவருக்குத் தேதி பார்ப்பவள், உடை பார்ப்பவள், மருந்து பார்ப்பவள். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மேடையில புகை மட்டும் வேணாம் சார். டீசல் புகையைக் குடிச்சு வளர்ந்த நெஞ்சு. இப்பல்லாம் கொசுவத்தி ஏத்தினாலே இழுக்குது.”

தங்கச்சி தோள்பையைத் தட்டிக் காட்டினாள். “இன்ஹேலர் இதுல. பை என் தோள்ல. நான் இவ பக்கத்துல. இவளா ஒரு நாள் எடுத்து வெச்சுக்கிட்டதா சரித்திரமே இல்ல சார்.”

“நீ எதுக்குடி இருக்கே, சும்மா அழகுக்கா?” என்றார் அக்கா.

எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, புகை கிடையாது என்று நானே அறிவித்தேன். சாருக்கு எவ்வளவு அக்கறை என்று பேசிக்கொண்டார்களாம்.

விழா அன்று மதியம் ஒத்திகை. அக்கா மேடையில் தோன்றுவது எப்படி என்றால், மேடைக்கு அடியில் ஒரு லிஃப்ட். ஆள் நிற்கிற அளவு பலகை. அதைச் சுற்றி ஒட்டுப்பலகையால் அடைத்த கூண்டு, பெட்டி மாதிரி. பாடுகிறவர் உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். முன்பு ஒருவர் இருட்டில் தடுக்கி வெளியே விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் அப்படி வழக்கம். மற்றவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் புகை நிரப்பி ஏற்றுவோம். மேலே வரும்போது மேகத்திலிருந்து இறங்கியவர் மாதிரி இருக்கும். நிகழ்ச்சி நேரத்தில் லிஃப்ட் இயக்குகிறவர் காதில் ஹெட்ஃபோன், பக்கத்துச் சத்தம் கேட்காது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ‘ஏத்து’ என்று சொன்னால் தவிர அவர் விரலை அசைக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

“அண்ணே, பாத்து ஏத்துங்க. நான் தக்காளிக் கூடை இல்ல,” என்றார் அக்கா.

“தக்காளின்னா பயமே இல்லக்கா. நசுங்கினா சாஸ் பாட்டில்ல அடைச்சுடலாம்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “கண்ணாடி சார், இன்னிக்குப் பாட்டுக்கு முன்னாடி ஒரு பழைய கதை சொல்லப் போறேன். மொத டேப்பைத் தூக்கிக்கிட்டு நானும் இவளும் நாயா அலைஞ்ச கதை. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கப் போகுது பாருங்க,” என்றார்.

என்ன கதை, அதில் நான் வருகிறேனா என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் ஒரு சேனலின் நிகழ்ச்சித் தலைவர், ஸ்டுடியோவுக்கே பெயர் கொடுக்கப்போகிறவர், ‘என்னைப் பற்றிப் பேசுவீர்களா’ என்று கேட்பது அழகா? கேட்கவில்லை. “தாராளமா சொல்லுங்கக்கா,” என்று சொல்லிவிட்டு எடிட்டிங் அறைக்குப் போனேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வயதான பிரபலங்கள் எல்லோருக்கும் அஞ்சலி நிகழ்ச்சி முன்கூட்டியே தயாராக இருக்கும். செத்த செய்தி வந்த பிறகு படம் தேடி ஓட முடியாது அல்லவா. அக்காவுடையதும் இருந்தது. நானே எழுதி, நானே குரல் கொடுத்தது. நடுவில் நானே தோன்றி அந்த டேப் கதையையும் சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் புதுப்பிப்போம். அன்று மதியம் புதுப்பித்தேன். எடிட்டர் பெண் கெட்டிக்காரி.

“ஒத்திகையில எடுத்ததை எதுக்கு சார் இதுல சேர்க்கறோம்? அக்கா மேடையில சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே.”

“புது டிரஸ்ல அழகா இருக்காங்கம்மா. அப்டேட்டா இருக்கட்டும்.”

“கேக்கவே ஒரு மாதிரி இருக்கு சார்,” என்றாள். சேர்த்தாள். கடைசி வரியை நான் மாற்றிப் பேசினேன். அவளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினேன். சுத்தமான ஒலிக்கு அறை அமைதியாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. தங்கச்சி வழக்கம்போல மேடைக்கு அடியில் நிற்கப் போனாள். நான் வழிமறித்து, “இத்தனை வருஷமா இருட்டுலயே நின்னீங்க. இன்னிக்காவது முன்வரிசையில உக்காந்து அக்காவைப் பாருங்கம்மா,” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்களை இப்படி யாரும் நினைச்சதில்ல சார்,” என்றாள். சின்னவருக்குப் பக்கத்து இருக்கை. பை மடியில்.

விழாநாயகன் என்பதால் அன்று இயக்குநர் நாற்காலியில் என்னையே உட்காரச் சொல்லியிருந்தார்கள். அக்கா பெட்டிக்குள் போனார், தாழ்ப்பாள் விழுந்தது, விளம்பர இடைவேளை தொடங்கியது. ஹெட்ஃபோனில் லிஃப்ட்காரரிடம் புகையைத் திறக்கச் சொன்னேன்.

“அக்காவுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“அவங்களே கேட்டாங்க. கொஞ்சமாத்தான்.”

எவ்வளவு நேரம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கும். எனக்கு விளம்பரக் கணக்குத்தான் தெரியும். சோப்பு, ஸ்கூட்டர், பற்பசை, பெயிண்ட், கட்டில் மெத்தை. அக்காவின் சட்டையில் குத்தியிருந்த மைக் எங்கள் அறையில் கேட்கும். ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தான்.

“சார், அக்கா இருமுறாங்க.”

“தொண்டையைக் கனைக்கிறாங்க. வால்யூமைக் குறை, அரங்கத்துக்குப் போயிடப் போகுது.”

“ஏதோ தட்டுற சத்தம் சார்.”

“தாளம் போட்டுக்கறாங்க.”

மெத்தை முடிந்தது. இன்னொரு தடவை சோப்பைப் போடச் சொன்னேன். அப்புறம் எங்கள் சேனலின் சொந்த விளம்பரம்; அதில் நான் வருவேன். மைக்கில் சத்தம் நின்ற பிறகு ‘ஏத்து’ என்றேன்.

புகைக்கு நடுவே அக்கா மண்டியிட்டபடி மேலே வந்தார். அவர் பல பாட்டுகளை மண்டியிட்டுத்தான் தொடங்குவார், தெரியுமோ என்னவோ. அரங்கம் எழுந்து கைதட்டியது. வாத்தியக்காரர்கள் முன்னிசையை வாசித்தார்கள். அவர் பாட்டை எடுக்காததால் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். கைதட்டல் இன்னும் கூடியது. பிறகு அவர் முன்பக்கமாகச் சாய்ந்தார். கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவள் தங்கச்சிதான். பையைத் திறந்துகொண்டே ஓடினாள்.

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். தொழில்முறைத் தப்பு. என்ன காட்டுவது என்று என் அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. திரையைச் சும்மா விடுவது. “அஞ்சலியைப் போடு,” என்றேன்.

அரங்கத்திலிருந்த பெரிய திரையிலும் எங்கள் ஒளிபரப்புதான் ஓடும். டாக்டர் அப்போதுதான் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். அக்காவின் படத்தையும் கீழே ஓடும் எழுத்தையும் பார்த்ததும், ஸ்ட்ரெச்சருக்கு வழி விலக்கிக்கொண்டிருந்த காவலாளிகள் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ஜனங்கள் எழுந்து மௌனம் காத்தார்கள். அத்தனை பேரும் அசையாமல் நின்றதில் ஸ்ட்ரெச்சர் வர இடமில்லை. “உசுரு இருக்கு, வழி விடுங்க, உசுரு இருக்கு” என்று தங்கச்சி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. நாடி அப்போதும் இருந்ததாக டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அத்தனை மரியாதையான மௌனத்தை அந்த அரங்கம் அதற்கு முன் கண்டதில்லை.

அஞ்சலியின் கடைசி வரியை நீங்கள் நேற்று எனக்கே போட்டுக் காட்டினீர்கள். ‘இன்று மாலை, எங்கள் மேடையிலேயே, ஒரு பாட்டின் தொடக்கத்தில் டிப்போ அக்கா நம்மைப் பிரிந்தார்.’ மதியமே இதை எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டீர்கள். வேறு எப்படிப் பேசுவது? ‘சமீபத்தில் மறைந்த’ என்று பொத்தாம்பொதுவாக முடித்தால் நன்றாகவா இருக்கும்? எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே ஆமாம், மேடம். புகையைத் திறக்கச் சொன்னது, இடைவேளையை நீட்டியது, தங்கச்சியைத் தள்ளி உட்கார வைத்தது, எல்லாம் நான். அவர் சாக வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அதை மதியமே நினைத்துவிட்டேன். ஆனால் எனக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். ஒரு கலைஞரின் சரித்திரத்தை அவரே சிரித்துச் சிரித்துக் கலைத்துவிடக் கூடாது. நான் கட்டிக் கொடுத்த சரித்திரம் அது. மழையோடு சேர்த்து.

அந்தக் கதை எதைப் பற்றியது என்று தங்கச்சி உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். டேப்போடு அலைந்த நாளில் தப்பான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சொந்த டிப்போவே நின்றதாம். அவ்வளவுதானாம். அதில் நானோ எங்கள் ஆபீஸோ வருவதே இல்லையாம். ஸ்டுடியோ பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, “பாவம் மனுஷன், ஆசைப்படறார், திறந்து வெச்சுட்டுப் போவோம்” என்றாராம் அக்கா. இருக்கலாம். ஆனால் ஒரு கதை இன்னொரு கதையை இழுத்துக்கொண்டு வரும். மேடை தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும்.

அஞ்சலியை எங்கள் சேனல் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் கோடாக வரும். சின்னவர் அந்த வரைபடத்தை நேற்று சேனல் வக்கீல் மூலம் அனுப்பியிருந்தார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கோடு ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் தொப்பென்று விழுந்து, பிறகு எழுகிறது.

அது நான் தோன்றிப் பேசுகிற இடம்.